சிங்கி இறால் எந்த வழியாகப் போகிறது? நம் கரையில் டேக் கட்டி விடுவது பற்றி

பாம்பன் கரையான்

இந்த இழையில் ஒரே ஒரு கேள்வியை மட்டும் பேசலாம் என்று தொடங்குகிறேன். மண்டபம் முதல் மூக்கையூர் வரை நம் கரையில் பிடிபடும் சிங்கி இறால் (லாப்ஸ்டர்), குட்டியாகக் கல்பாரில் (கடலடிப் பாறைத் திட்டில்) ஒதுங்கிய நாளிலிருந்து சினை வைக்கும் நாள் வரை எங்கெங்கே நகர்கிறது என்பதை, எண் பொறித்த அடையாளம் (டேக்) மாட்டிவிட்டுக் கண்டறிந்து, அதன்படி பிடிப்புக்கான காலத்தையும் இடத்தையும் வகுக்க வேண்டுமா என்பதே அந்தக் கேள்வி.

இப்போதுள்ள கட்டுப்பாடுகளில் எதுவும் சிங்கியின் நடமாட்டத்தைப் பார்த்து வகுக்கப்பட்டதல்ல. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் தடை விசைப்படகுகளுக்கானது. கல்பாரின் ஓரத்தில் மாலையில் வலையை விட்டு விடியலில் எடுக்கும் நாட்டுப்படகுக்கு அது பொருந்தாது. நம் கரையில் மிகுதியாகக் கிடைக்கும் பனுலிரஸ் ஹோமாரஸ் இனமோ ஆண்டில் ஒரு முறைக்கு மேல் சினை வைக்கக்கூடியது. 1986இல் அமைக்கப்பட்ட கடல்சார் தேசியப் பூங்கா, தூத்துக்குடிக்கும் இராமேசுவரத்துக்கும் இடையிலுள்ள 21 தீவுகளையும் அவற்றைச் சுற்றியுள்ள ஆழம் குறைந்த கடலையும் சேர்த்து 560 சதுர கிலோமீட்டர் பரப்புடையது. அதன் எல்லை தீவுகளையும் பவளப்பாறைகளையும் ஒட்டி வரையப்பட்டது. 2003இல் மத்திய அரசு கொண்டுவந்த ஏற்றுமதி எடை விதி, சிங்கி எத்தனை கிராம் இருக்கிறது என்று கேட்கிறதே தவிர, எங்கே, எந்த மாதத்தில் பிடிபட்டது என்று கேட்பதில்லை.

நடமாட்டம் தெரிந்தால் என்ன மாறும் என்பதற்கு ஆஸ்திரேலியாவுக்கும் பப்புவா நியூகினிக்கும் இடையிலுள்ள டோரஸ் நீரிணையைப் பார்க்கலாம். அங்கே உள்ளது பனுலிரஸ் ஆர்னேட்டஸ். கீழக்கரையிலும் பெரிய விலைக்குப் போகும் அதே இனம். டேக் கட்டிவிட்ட ஆய்வுகளில், வளர்ந்த சிங்கிகள் ஆகஸ்ட், செப்டம்பர் வாக்கில் நீரிணையை விட்டுப் புறப்பட்டு, பப்புவா வளைகுடாவைக் கடந்து, சுமார் 500 கிலோமீட்டர் தொலைவிலுள்ள யூல் தீவுப் பக்கம் போய்ச் சினை வைப்பது தெரிய வந்தது. வழியில் இழுவைமடிகள் (விசைப்படகு தரையோடு இழுத்துச் செல்லும் வலைகள்) அவற்றை வாரிக்கொண்டிருந்தன. வாரப்படுவது அடுத்த தலைமுறைக்குத் தாயாகப் போகிற கூட்டம் என்பது உறுதியான பின், 1984இல் இடம்பெயரும் சிங்கியை இழுவைமடியில் பிடிப்பது தடை செய்யப்பட்டது. முத்துக்குளிப்பவரைப் போல மூழ்கிப் பிடித்த தீவு மக்களின் தொழில் தொடர்ந்தது. எல்லாருக்கும் ஒரே அளவாகத் தடை போடாமல், எந்தப் பிடிப்பு எந்த இடத்தில் கேடு செய்கிறதோ அதை மட்டும் நிறுத்த முடிந்ததற்கு அந்த டேக்குகளே காரணம்.

நம் கரையில் அப்படி ஒன்றைச் செய்வதற்கு யார் என்ன தடை சொல்கிறீர்கள், எது இயலும், எது இயலாது என்று அறிய விரும்புகிறேன்.

கடலியல் மாணவி

ஐயா, செய்முறையைப் பற்றி மட்டும் முதலில் எழுதுகிறேன், ஏனென்றால் இதைப் பேசும்போதெல்லாம் யாராவது ஒருவர் "ஜிபிஎஸ் கட்டிவிடலாமே" என்று சொல்கிறார். ஜிபிஎஸ் பயன்படுத்தும் ரேடியோ அலை உப்புநீருக்குள் சில அங்குலங்களுக்கு மேல் இறங்காது. எனவே தரையில் நடக்கும் உயிருக்கு அது உதவாது.

நடைமுறையில் இரண்டு வழிகள் உள்ளன. முதலாவது, எண் அச்சிட்ட சிறிய பிளாஸ்டிக் இழை. சிங்கி வளர வளரப் பழைய ஓட்டைக் கழற்றிவிடும் என்பதால், ஓட்டின்மேல் ஒட்டிய எதுவும் அந்த ஓட்டோடு போய்விடும். ஆகவே தலைக்கூட்டின் ஓடும் வாலும் சேரும் இடுக்கில், மேல்பக்கமாக, தசைக்குள் ஆங்கில டி எழுத்தின் வடிவிலுள்ள முனை தங்கும்படி ஊசியால் செலுத்துகிறார்கள். இழை மட்டும் வெளியே நிற்கும். ஓடு கழன்றாலும் அது பெரும்பாலும் நிலைத்திருக்கும். மறுபடி பிடிப்பவர் எண்ணையும் இடத்தையும் ஆழத்தையும் நாளையும் தெரிவித்தால், விட்ட இடம், பிடித்த இடம் என்ற இரண்டு புள்ளிகள் கிடைக்கும். ஓட்டின் நீளத்தையும் அளந்து சொன்னால், இடைக்காலத்தில் எவ்வளவு வளர்ந்தது என்பதும் சேர்ந்து கிடைக்கும்.

இரண்டாவது, ஒலி டேக். சிறு பேட்டரியில் இயங்கும் உருளை ஒன்று, மனிதக் காதுக்கு எட்டாத உயர் அதிர்வில், பெரும்பாலும் 69 கிலோஹெர்ட்ஸில், தன் எண்ணைக் குறிப்பொலியாக அனுப்பிக்கொண்டே இருக்கும். கடல் தரையில் நிறுத்திய கேட்புக் கருவிகள் அதைப் பதிந்துகொள்ளும். யாரும் மறுபடி பிடிக்க வேண்டியதில்லை. ஆனால் ஒரு கருவி கேட்கும் தொலைவு சில நூறு மீட்டர்தான். பவளப்பாறையில் சொடுக்கு இறால்கள் இரவு பகலாக எழுப்பும் ஓசையில் அது மேலும் குறையும். பகலில் சிங்கி கல் இடுக்குக்குள் பதுங்கியிருக்கையில் ஒலியைக் கல்லே மறைத்துவிடும். ஒவ்வொரு கருவியும் ஒரு லட்சம் ரூபாயைத் தாண்டும் என்பதால், மண்டபம் முதல் வேம்பார் வரை விரித்து வைப்பது நடக்கிற காரியமல்ல. எங்கே கேள்வி குறுகியதோ அங்கே வைக்கலாம். எடுத்துக்காட்டாகப் பாம்பன் கால்வாய்: ரயில் பாலத்தின் நீளம் சுமார் 2 கிலோமீட்டர்தான். அந்தக் குறுக்கில் ஒரு வரிசை நிறுத்தினால், மன்னார் வளைகுடாவிலிருந்து பாக் விரிகுடாவுக்கு அவ்வழியே சிங்கி கடக்கிறதா என்பதற்கு நேரடியான விடை கிடைக்கும்.

ஏர்வாடி வலைக்காரன்

எங்களுக்குத் தெரியாத ஒன்றைக் கண்டுபிடிக்கப் போவதுபோல் எழுதுகிறீர்கள். வாடை தொடங்கிக் கடல் கலங்கினால் சிங்கி கரைப் பக்கத்துப் பாருக்கு வரும், வலையும் அதன் கண்ணுக்குத் தெரியாது, அப்போதுதான் நல்ல பாடு (பிடிப்பு). தண்ணீர் தெளிந்து நிலாவும் காய்ந்தால் கல்லை விட்டு வெளியே வராது. பௌர்ணமியை ஒட்டி நாங்கள் சிங்கி வலைக்குப் போவதே குறைவு. எந்தப் பாரில் சிறியது கிடக்கும், எந்தப் பாரில் பெரியது கிடக்கும், எத்தனை பாகம் ஆழத்துக்கு அப்பால் சினை சிங்கி அதிகம் என்பதெல்லாம் என் தகப்பனார் காலத்திலிருந்து கைமாறி வந்தவை.

நான் கேட்பது வேறு. நீங்கள் கட்டிவிட்ட டேக்கை நான் நேர்மையாகக் கொண்டுவந்து கொடுத்து, இன்ன பாரில் பிடித்தேன் என்று சொல்கிறேன். அதே தகவலை வைத்து, "இந்தப் பார் சினை சிங்கியின் இடம், ஆகவே இனி இங்கே வலை விடக்கூடாது" என்று நாளைக்கு ஒரு பலகை நட்டால், என் வாயாலேயே என் கடலை மூடியவன் ஆவேன். தீவுகளைச் சுற்றி எங்கள் தகப்பன்மார் வலை விட்ட இடங்கள் எல்லாம் எப்படிக் கைவிட்டுப் போயின என்று இந்தக் கரையில் எவரிடமும் கேட்டுப் பாருங்கள். இருக்கிற இடத்தைப் பற்றி வாய் திறக்க எங்களுக்குத் தயக்கம் இருப்பதில் என்ன வியப்பு?

பாம்பன் கரையான்

தயக்கம் நியாயமானது. தகவல் பூங்காவின் எல்லையை விரிக்கவே பயன்படும் என்பதை மட்டும் நான் ஏற்கவில்லை. அது இரண்டு பக்கமும் வெட்டக்கூடியது.

ஸ்பெயினின் கிழக்கே மத்தியதரைக் கடலில் கொலும்பிரெட்டஸ் என்ற சிறு தீவுக்கூட்டம் உள்ளது. 1990இல் அதைச் சுற்றி மீன்பிடிப்பு நிறுத்தப்பட்டது. அங்குள்ள சிங்கி இனத்துக்கு ஆண்டுதோறும் டேக் கட்டி, எல்லைக்கு வெளியே மீனவர் வலையில் எத்தனை வருகின்றன என்று நெடுங்காலம் கணக்கெடுத்தார்கள். மூடிய பரப்பை இழந்ததால் ஏற்பட்ட நட்டத்தைக் கழித்த பிறகும், வெளியேறி வரும் பெரிய சிங்கிகளால் மீனவருக்கு எடைக் கணக்கில் ஆண்டுக்கு ஏறத்தாழ 10 விழுக்காடு கூடுதலாகக் கிடைத்தது என்று 2010இல் முடிவு வெளியானது. நம் முயல் தீவுக்கும் அப்பா தீவுக்கும் வெளியே அப்படி ஏதும் நடக்கிறதா என்பதை அளந்து காட்டும்படி கேட்கும் உரிமை, இடத்தை விட்டுக்கொடுத்த உங்களுக்குத்தான் எல்லாரையும்விட அதிகம். அளந்து பார்த்து அப்படி எதுவும் வெளியே வரவில்லை என்று தெரிந்தால், அதுவும் உங்கள் கையில் உள்ள ஆதாரமே.

மறுபக்கமும் சொல்ல வேண்டும். நியூசிலாந்தின் லீ பகுதியில் 1975இல் அமைந்த காப்பகத்தின் வெளி எல்லை கரையிலிருந்து 800 மீட்டர். அங்குள்ள கல் இறால்களைத் தொடர்ந்து பார்த்தபோது, பருவத்துக்கு ஒரு முறை அவை கல்பாரை விட்டு எல்லைக்கு அப்பாலுள்ள மணல்தரைக்கு இரை தேடிப் போய்த் திரும்புவது தெரிந்தது. இறால் பிடிக்கக் கூடு வைப்பவர்களும் அதை அறிந்து எல்லைக் கோட்டின் ஓரத்திலேயே கூடுகளை வரிசையாக வைத்தார்கள். ஆண்டு முழுவதும் காப்பாற்றப்பட்டதாக நினைத்த விலங்கு, ஆண்டில் சில மாதம் வெளியேதான் இருந்தது. பரப்பளவு எத்தனை சதுர கிலோமீட்டர் என்ற ஒன்றை வைத்துக் காப்பகத்தை மெச்சுவது வீண் என்பது என் கருத்து.

கீழக்கரை வியாபாரி

நான் உயிர்ச் சிங்கி வாங்கி அனுப்புகிறவன். இந்தப் பேச்சில் வியாபாரியை யாரும் நினைக்கவில்லை. டேக் போட்ட சிங்கி கடலிலிருந்து வந்தால் முதலில் வந்து சேரும் இடம் ஆய்வகம் அல்ல, எங்கள் தொட்டி.

இதில் இரண்டு விஷயங்களைப் பாருங்கள். சிங்கப்பூருக்கும் ஹாங்காங்குக்கும் உயிரோடு விமானத்தில் போகிற சரக்கில் கால் ஒன்று ஒடிந்திருந்தாலே, மீசை முறிந்திருந்தாலே விலை இறங்கும். முதுகில் துளை போட்டு நூல் தொங்கும் சிங்கியை வாங்குகிறவர் என்ன நினைப்பார்? மீனவர் அதைப் பிடுங்கி எறிந்துவிட்டுத்தான் எடைக்குக் கொண்டுவருவார். எனவே டேக்குக்கு வெகுமதி தருவதானால், அது அந்தச் சிங்கிக்குக் குறையும் விலையைவிடத் தெளிவாகக் கூடுதலாக இருக்க வேண்டும். தொப்பியும் பனியனும் கொடுத்து நன்றி சொல்லும் வழக்கம் இங்கே செல்லாது.

அடுத்தது சிறிய சிங்கி. ஏற்றுமதிக்கு ஹோமாரஸ் 200 கிராம், பாலிஃபேகஸ் 300 கிராம், ஆர்னேட்டஸ் 500 கிராம் இருக்க வேண்டும் என்பது விதி. அதற்குக் குறைந்ததை ஏற்றுமதி செய்யக் கூடாது என்றுதான் விதி சொல்கிறது. பிடிக்கவே கூடாது என்று அது சொல்வதில்லை. ஆகவே சின்னது உள்ளூர்ச் சந்தைக்கும் ஓட்டல்களுக்கும் போகிறது. டேக் கட்டுகிறவர்கள் பெரும்பாலும் வளரக்கூடிய சிறியதைத்தான் தேர்ந்தெடுப்பார்கள். அந்தச் சிறியது பிடிபட்டால் அது வருவது எங்களிடம் அல்ல, யார் யாரிடமோ. அந்த டேக் திரும்பாது. திரும்பாததை வைத்துச் "சிங்கி எங்கோ தொலைதூரம் போய்விட்டது" என்று யாரும் கட்டுரை எழுதிவிடக் கூடாது.

மூக்கையூரான்

வியாபாரி காக்கா (அண்ணன்) சொன்னதை ஒட்டி ஒன்று. நான் விசைப்படகில் டிரைவராக இருந்தவன். இங்கே எல்லாரும் டோரஸ் நீரிணையைக் காட்டி இழுவைமடியைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றத் தயாராக இருக்கிறீர்கள். எங்கள் மடியிலும் சிங்கி விழுகிறது, மறுக்கவில்லை; ஆனால் கல்பாரில் மடி இழுத்தால் மடிதான் கிழியும், ஆகையால் நாங்கள் இழுப்பது பாருக்கு அப்பாலுள்ள சேற்றுத்தரையிலும் மணல்தரையிலும். அங்கே ஒரு சிங்கி கிடைக்கிறது என்றால், அது பாரை விட்டு நடந்து வந்தது என்றுதானே பொருள்? அப்படியானால் ஆழத்தில் எங்களுக்கு எந்த மாதம் எந்தப் பக்கம் கிடைக்கிறது என்பதும் இந்த ஆய்வுக்கு வேண்டிய தகவல்.

நாட்டுப்படகுக்காரர் மட்டும் டேக் திருப்பிக் கொடுத்து, எங்களை நம்பாமல் விட்டால், எல்லாப் புள்ளியும் பாரின் மேலேயே விழும். "சிங்கி இடம் மாறுவதே இல்லை" என்று வரைபடம் சொல்லும். அது சிங்கியின் குணத்தைக் காட்டாது, யாரிடம் கேட்டீர்கள் என்பதைத்தான் காட்டும்.

கடலியல் மாணவி

மூக்கையூர் அண்ணன் சொன்னதுதான் இந்த முறையின் பெரிய பலவீனம். பிடித்துத் திருப்பும் டேக், பிடிப்பு நடக்கிற இடத்தில் மட்டுமே பேசும். தீவுகளைச் சுற்றிய பூங்காவுக்குள் பிடிப்பு இல்லாததால், அங்கே டேக்கோடு ஆயிரம் சிங்கி இருந்தாலும் ஒன்றுகூடத் திரும்பாது; வெளியே உள்ள சில மட்டும் திரும்பும்; கணக்கைத் திருத்தாமல் பார்த்தால் எல்லாம் வெளியேறியது போலத் தோன்றும். ஆகவே எந்தப் பாரில் எத்தனை வலை எத்தனை இரவு விடப்பட்டது என்ற முயற்சிக் கணக்கும் கூடவே எழுதப்பட வேண்டும். பூங்காவின் எல்லையில் மட்டும் சில ஒலிக் கருவிகளை வைத்தால் இந்த ஓட்டையை ஓரளவு அடைக்கலாம்.

இன்னொரு முக்கியமான செய்தி, விடும் இடம் பற்றியது. சிங்கிக்குத் தன் இடம் தெரியும். ஃபுளோரிடாவில் பனுலிரஸ் ஆர்கஸ் இனத்தைப் பிடித்து, மூடிய தொட்டியில், சுற்றுவழியாக, 12 முதல் 37 கிலோமீட்டர் தொலைவுக்குக் கொண்டுபோய், கண்ணையும் மறைத்துச் சோதித்தபோது, அவை பிடிபட்ட இடத்தின் திசையை நோக்கியே நடக்க முயன்றன என்று 2003இல் போல்ஸ், லோமன் என்ற இருவர் வெளியிட்டனர். பூமியின் காந்தப்புலத்தில் இடத்துக்கு இடம் உள்ள வேறுபாட்டை அவை அடையாளம் கண்டுகொள்கின்றன என்பதே அவர்கள் காட்டியது. இதனால் நமக்கு வரும் எச்சரிக்கை: கரைக்குக் கொண்டுவந்து, டேக் கட்டி, வசதியான வேறோர் இடத்தில் விட்டால், அடுத்து நாம் பதிவது இயல்பான இடப்பெயர்ச்சியாக இருக்காது, வீட்டுக்குத் திரும்பும் நடையாக இருக்கும். ஆகவே பிடித்த வள்ளத்திலேயே, பிடித்த பாரின் மேலேயே கட்டி விட வேண்டும்.

ஏர்வாடி அண்ணன் வாடையில் கடல் கலங்கும்போது கரைப் பாருக்கு வரும் என்றாரே, அதை ஒட்டியும் ஒன்று சொல்கிறேன். பகாமா தீவுகளில் இலையுதிர் காலப் புயலுக்குப் பின் கடல் குளிர்ந்து கலங்கும்போது, அதே ஆர்கஸ் இனம் ஒன்றன் வாலை மற்றொன்று மீசையால் தொட்டபடி நீண்ட வரிசையாகப் பகலிலும் இரவிலும் ஆழம் நோக்கி நடப்பதை ஹெர்ன்கைண்ட் என்ற ஆய்வாளர் விரிவாக ஆராய்ந்தார். வரிசையில் நடப்பதால் தண்ணீரின் தடுப்பு குறைகிறது என்றும் அவர் குழு அளந்து காட்டியது. அங்கே கலங்கியதும் ஆழத்துக்கு. நீங்கள் சொல்வது கலங்கியதும் கரைக்கு. இனமும் கடலும் வேறு, ஆகவே திசையும் வேறாக இருக்கலாம். அல்லது நடமாட்டம் கூடுவதும், வலை கண்ணுக்குத் தெரியாததும் சேர்ந்து, கரைப் பாரில் நிறைய வந்ததுபோல் காட்டலாம். கலங்கலுக்கு முன் ஆழத்தில் கட்டிய டேக் கலங்கலுக்குப் பின் கரைப் பாரில் கிடைத்தால், நீங்கள் சொல்வது ஐயமின்றி நிலைநிறுத்தப்படும்.

ஏர்வாடி வலைக்காரன்

தங்கச்சி, நான் சொன்னதைச் சோதிக்க வேண்டும் என்கிறீர்கள், சரி. என் தகப்பனார் சொன்னதும் சோதித்துத்தான், வலையால். ஆனால் ஒரு ஐயம்: ஹோமாரஸ் அவ்வளவு தூரம் போகிற சாதியே இல்லை என்பது எங்கள் எண்ணம். ஒரே கல்லில் அடுத்தடுத்த வாரம் அதே அளவில் கிடைக்கிறது. ஐந்நூறு கிலோமீட்டர் நடை என்பதெல்லாம் பெரிய சிங்கிக்கு இருக்கலாம்.

கடலியல் மாணவி

உங்கள் எண்ணத்துக்கு ஆதரவு தென்னாப்பிரிக்காவில் உள்ளது. குவாசூலு-நட்டால் கரையில் ஹோமாரஸின் வேறொரு துணையினத்துக்கு டேக் கட்டிப் பார்த்தபோது, மறுபடி கிடைத்தவற்றில் பெரும்பாலானவை விட்ட இடத்தை ஒட்டியே இருந்தன. இங்கேயும் அப்படியே என்றால், நிர்வாகத்தில் அதன் விளைவு பெரியது. அதிகம் நகராத விலங்கை ஒரு ஊரார் ஒரு பாரில் சிறியதாக இருக்கையில் விட்டுவைத்தால், பெரியதானபின் அதை எடுக்கப்போவதும் பெரும்பாலும் அதே ஊரார்தான். ஊர்க் கட்டுப்பாடு பலன் தரும். வெகுதூரம் நகரும் ஆர்னேட்டஸை ஓர் ஊர் மட்டும் விட்டுவைத்துப் பயனில்லை. அதற்கு மாவட்டங்களைக் கடந்த உடன்பாடு வேண்டும். இரண்டு இனத்துக்கும் ஒரே விதி போடுவது எப்படிச் சரியாகும்?

தங்கச்சிமடம் நண்பர்

மாவட்டம் மட்டுமா, நாடும் கடக்கும். மன்னார் வளைகுடாவில் இந்தியாவுக்கும் இலங்கைக்கும் இடையிலான எல்லைக்கோடு 1976 உடன்பாட்டில் வரையப்பட்டது. சிங்கிக்குக் கோடு தெரியாது. நம் டேக் தலைமன்னாரிலோ சிலாபத்துறையிலோ கிடைத்தால் யார் கொண்டுவந்து தருவார்கள்? நம் ஆட்களையே பிடித்து வைத்திருக்கும்போது

நெறியாளர்

எல்லை தாண்டல், கைது, படகு மீட்பு ஆகியவற்றுக்குத் தனி இழை இருக்கிறது. மேலுள்ள பதிவின் பிற்பகுதி அங்கே மாற்றப்பட்டுள்ளது. இங்கே தேவையான அளவு மட்டும்: டேக்கில் தமிழ், சிங்களம், ஆங்கிலம் மூன்றிலும் முகவரி அச்சிடுவது இயலக்கூடியதே.

மூக்கையூரான்

வளர்ந்ததைப் பற்றியே பேசுகிறோம். குஞ்சு எங்கிருந்து வருகிறது? எங்கள் பாரில் சினை சிங்கியைக் காப்பாற்றினால் அதன் குஞ்சு எங்கள் பாருக்கே வருமா?

கடலியல் மாணவி

அண்ணே, வராமல் போகலாம், அதனால்தான் டேக் மட்டும் போதாது. முட்டையிலிருந்து வெளிவரும் குஞ்சு கண்ணாடித் தகடு போலத் தட்டையாக, சிலந்திக்கால்களோடு, நீரோட்டத்தில் பல மாதங்கள் மிதக்கும். அதற்குள் அது பிறந்த பாரை விட்டு வெகுதொலைவு போயிருக்கும். பிறகு நீந்தத் தெரிந்த, நிறமற்ற சிறு சிங்கியாக மாறிக் கரையோரம் வந்து அமரும். அப்படி வந்து அமர்வதை அளப்பதில் மேற்கு ஆஸ்திரேலியா முன்னோடி. 1968 முதல் அங்கே செயற்கைக் கடற்பாசிக் கொத்துகளைக் கடலில் மிதக்கவிட்டு, மாதந்தோறும் எடுத்து உதறி, எத்தனை குட்டிகள் ஒதுங்கியுள்ளன என்று எண்ணுகிறார்கள். அந்த எண்ணிக்கையை வைத்து மூன்று, நான்கு ஆண்டுகளுக்குப் பிந்தைய பிடிப்பை முன்கூட்டியே கணிக்கிறார்கள். 2008-09 பருவத்தில் எண்ணிக்கை மிகவும் சரிந்தபோது, பாடு குறையும் வரை காத்திராமல் உடனே பிடிப்பு முயற்சியைக் குறைத்தார்கள். அங்கும் நடமாட்ட அறிவு சேர்ந்தே பயன்படுகிறது: ஓடு கழற்றி வெளிறிய நிறத்தில் உள்ள இளம் சிங்கிகள் நவம்பர், டிசம்பரில் கரையோரத்திலிருந்து ஆழத்துக்குக் கூட்டமாக நடக்கும் காலம் அவர்களுக்குத் தெரியும், இனம் பெருக்கப் போகிற அந்தக் கூட்டத்தில் எத்தனையை எடுக்கலாம் என்பதுதான் அங்கே ஆண்டுதோறும் நடக்கும் பேரம்.

பாசிக்கொத்துக்குச் செலவு குறைவு. நம் கரையில் பாசி வளர்ப்புக்கு மூங்கில் மிதவை கட்டத் தெரிந்த பெண்கள் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். டேக்கோடு இதையும் சேர்த்தால், வளர்ந்ததன் நடையும் குட்டியின் வரவும் ஒரே நாட்குறிப்பில் பதியும்.

கீழக்கரை வியாபாரி

மேற்கு ஆஸ்திரேலியாவில் பிடிப்பவர்களின் எண்ணிக்கை உரிமத்தால் கட்டுண்டது. ஒருவர் இன்று விட்டுவைத்தது நாளை அவருக்கே கிடைக்கும் என்ற உறுதி அங்கே இருக்கிறது. இங்கே நீங்கள் விட்டுவைத்ததைப் பக்கத்து ஊர் வலை இரவோடிரவாக எடுத்துக்கொள்ளும். மும்பைப் பக்கம் இழுவைமடியில் அள்ளிய மணல் சிங்கித் தொழில் 1990களின் நடுவில் அடியோடு படுத்துப்போனதை எங்கள் தொழிலில் எல்லாரும் அறிவார்கள். அப்போது அங்கே அறிவில் குறை இல்லை, நிறுத்துவதற்கு ஆள் இல்லை. கடலைப் படிப்பதற்கு முன் ஊர்களுக்குள் பேச்சு முடிய வேண்டும் என்பது என் எண்ணம்.

பாம்பன் கரையான்

காக்கா, பேச்சு முடிந்தபின் டேக் என்றால் இரண்டும் நடக்காது. எதைப் பற்றிப் பேசுவது என்பதற்கே டேக் வேண்டும். விசைப்படகும் நாட்டுப்படகும் வாரத்தில் நாள் பிரித்துக் கடலுக்குப் போகும் ஏற்பாட்டை இந்தக் கரை ஏற்கெனவே செய்து காட்டியிருக்கிறது. பூசல் இருந்தும் அது பெருமளவு நிற்கிறது. அதுபோல, சிங்கி பாரை விட்டு ஆழத்துக்கு இறங்கும் வாரங்கள் இவை என்று உறுதியாகத் தெரிந்தால், அந்த வாரங்களில் குறிப்பிட்ட ஆழத்தில் மட்டும் மடி இழுக்காதிருக்கும்படி மூக்கையூர் தம்பியின் சங்கத்திடம் கேட்கலாம். தெரியாமல் கேட்டால் ஆண்டு முழுவதும் நிறுத்து என்றுதான் கேட்க நேரும், அதற்கு அவர்கள் இசைய மாட்டார்கள், இசையவும் வேண்டியதில்லை.

இதுவரை பேசியதை வைத்து என் முன்மொழிவு. ஒலி டேக் இப்போது வேண்டாம். பாம்பன் குறுக்கிலும் பூங்கா எல்லையிலும் வைப்பதைப் பின்னால் பார்க்கலாம். எண் இழையை மட்டும், கீழக்கரைக்கும் ஏர்வாடிக்கும் வெளியேயுள்ள பார்களில், வாடை தொடங்குவதற்கு முன் ஒரு முறையும் கச்சான் (தென்மேற்குக் காற்று) தொடங்குவதற்கு முன் ஒரு முறையும் கட்டுவோம். மீனவரின் வள்ளத்திலேயே, அவர் வலையில் வந்ததையே, அன்றைய சந்தை விலை கொடுத்து வாங்கி, ஓட்டின் நீளம், ஆணா பெண்ணா, சினை உண்டா என்பதை எழுதி, ஈரச்சாக்கின் நிழலில் வைத்திருந்து, உடனே விட வேண்டும். மேலிருந்து எறியக் கூடாது. பகல் வெளிச்சத்தில் மிதந்து இறங்கும் சிங்கியைக் களவா மீனும் பேய்க்கணவாயும் (ஆக்டோபஸ்) தரை தொடுமுன் பிடித்துவிடும். அடி திறக்கும் கூட்டில் வைத்துத் தரைவரை இறக்கி விட வேண்டும். அதைச் செய்யாத ஆய்வில், திரும்பாத டேக்கில் பாதி மீன் வயிற்றில் இருக்கும்.

சினை வைத்ததற்கு டேக் போடுவதைவிட, அமெரிக்காவின் மெய்ன் கரையில் செய்வதுபோல் வாலிறகில் ஒரு முக்கோண வெட்டுப் போட்டுத் திருப்பி விடலாம் என்று எனக்குத் தோன்றுகிறது. அந்த வெட்டு உள்ளதைப் பிறகு சினை இல்லாத நாளில் பிடித்தாலும் விட்டுவிடுவது அங்கே சட்டம். இது எல்லாரும் ஏற்றால் மட்டுமே.

கடலியல் மாணவி

வெட்டு ஓரிரு முறை ஓடு கழன்றதும் நிரம்பிவிடும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள், ஐயா. நம் வெதுவெதுப்பான கடலில் ஹோமாரஸ் அடிக்கடி ஓடு கழற்றும். மெய்னின் குளிர்ந்த கடலில் போல வெட்டு நெடுநாள் நிற்காது. எனவே அதை அந்தப் பருவத்துக்கான பாதுகாப்பாக மட்டுமே கருத வேண்டும்.

ஏர்வாடி வலைக்காரன்

என் வள்ளத்தில் கட்டலாம். ஆனால் நிபந்தனை இருக்கிறது. பாரின் பெயரும் ஜிபிஎஸ் புள்ளியும் ஊர்க் கமிட்டியின் நோட்டில் மட்டும் இருக்க வேண்டும். வெளியே போகும் காகிதத்தில் "இத்தனை பாகம் ஆழம், தரையிலிருந்து இத்தனை மைல்" என்ற அளவோடு நிறுத்த வேண்டும். சினை சிங்கி எங்கே சேர்கிறது என்பது துல்லியமாக வெளியே தெரிந்தால் அரசுக்கு முன்னால் பக்கத்து ஊர் வலைதான் அங்கே போய் நிற்கும். வியாபாரி காக்கா சொன்னது அதுதான். முழு வரைபடம் வேண்டும் என்று எந்த அலுவலகம் கேட்டாலும், கமிட்டியும் விசைப்படகுச் சங்கமும் சேர்ந்து உட்கார்ந்து முடிவெடுத்த பிறகே தர வேண்டும்.

மூக்கையூரான்

சங்கத்தைச் சேர்த்ததற்கு நன்றி. எங்கள் பக்கத்து நோட்டு எங்களிடம் இருக்கட்டும், ஆறு மாதத்துக்கு ஒரு முறை இரண்டையும் ஒரே மேசையில் வைத்துப் பார்ப்போம். மடியில் வருகிற சிங்கி பெரும்பாலும் ஐஸில் செத்துத்தான் கரைக்கு வருகிறது; ஆகவே டேக்கால் எங்களுக்கு விலை குறையாது, வெகுமதியும் நாட்டுப்படகுக்குத் தருகிற அளவு தேவையில்லை. ஆனால் ஆழமும் இழுத்த நேரமும் எழுத டிரைவருக்கு ஏதாவது தர வேண்டும்.

கீழக்கரை வியாபாரி

வெகுமதியை டேக் திரும்பிய அன்றே, எடை போடும் இடத்திலேயே, கையில் கொடுத்தால் நடக்கும். விண்ணப்பம் எழுதி வங்கிக் கணக்குக்கு வரும் என்றால் பத்து டேக்கில் ஒன்றுதான் வரும். என் கடையில் ஒரு டப்பாவும் ஒரு நோட்டும் வைக்கச் சம்மதம். முன்பணமாக ஒரு தொகையை யார் தருவது என்று மட்டும் முடிவு செய்யுங்கள். சின்ன சிங்கி வாங்கும் மற்றக் கடைக்காரர்களிடமும் நான் பேசுகிறேன், ஆனால் அவர்கள் நோட்டில் எடையைக் கேட்காதீர்கள். எடையைக் கேட்டால் டேக்கைக் கொடுக்க மாட்டார்கள்.

கடலியல் மாணவி

எடை வேண்டாம், ஓட்டின் நீளம் போதும். அதையும் அவர்கள் அளக்க வேண்டாம், டேக்கோடு தலைக்கூட்டின் ஓட்டை மட்டும் உப்பிட்டு வைத்தால் நான் வந்து அளந்துகொள்கிறேன்.